காற்றாடிமலைக்கு முந்திய மூன்று ஆண்டுகள்

கிறிஸ்தவ விசுவாசத்துக்காக உயிர்நீத்த புனித தேவசகாயத்தின் வாழ்வைச் சொல்லத் தொடங்கும் நாம் பெரும்பாலும் 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழிக் காற்றாடிமலையில் அவர் சுட்டுக் கொல்லப்பட்ட நிகழ்ச்சிக்கே விரைந்து போய்விடுகிறோம். அவர் கைதானது 1749-இல் என்பதையும், இடைப்பட்ட ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் விலங்கும் அடியும் அவமானமுமாகக் கழிந்தன என்பதையும் ஒரே வரியில் கடந்துவிடுகிறோம். என் கணவருக்குச் சிறுநீரகங்கள் செயலிழந்து, எங்கள் வீட்டு நாள்காட்டியே டயாலிசிஸ் நாள்களைச் சுற்றிச் சுழலத் தொடங்கிய பிறகு, எனக்கு அந்த மூன்று ஆண்டுகளே பெரிதாகத் தெரிகின்றன. அவருடைய உடல்நிலை இடம் கொடுத்த ஒரு நாளில், புனிதரின் பாடுகளோடு தொடர்புடைய இடங்களை இருவரும் சேர்ந்து தரிசிக்கப் புறப்பட்டோம்.

நாகர்கோவில் கோட்டாறு புனித சவேரியார் பேராலயத்தில் காலைத் திருப்பலி கண்டு, அங்குள்ள புனிதரின் கல்லறையில் மன்றாடிவிட்டுத் தக்கலைச் சாலையில் உதயகிரிக் கோட்டைக்குச் சென்றோம். 1741-இல் குளச்சல் போரில் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவிடம் சிறைப்பட்டு, பின்னர் அவருடைய படைக்கே பயிற்சியளித்த டச்சுத் தளபதி டி லனாய் இந்தக் கோட்டைக்குள்தான் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். பின்னாளில் தேவசகாயம் ஆன, அரண்மனை அலுவலராக இருந்த நட்டாலம் நீலகண்ட பிள்ளை, குடும்பத்தில் அடுத்தடுத்து நேர்ந்த இழப்புகளால் மனம் தளர்ந்திருந்தபோது, இவர்தான் அவருக்கு யோபுவின் வரலாற்றை எடுத்துச் சொன்னார். போர்க்கைதியாகத் தன் நாட்டையும் பழைய வாழ்வையும் இழந்த ஒருவர், பொருளை இழந்து கலங்கிய இன்னொருவருக்கு, அனைத்தையும் இழந்தும் இறைவனைவிட்டு அகலாத யோபுவைப் பற்றிச் சொன்னார் என்பதை எண்ணியபடியே அந்தக் கல்லறையருகில் நின்றேன். துன்பம் விலகிவிடும் என்ற வாக்குறுதியை முன்வைத்து அந்த விசுவாசம் தொடங்கவில்லை என்பது எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிறது.

உண்மையில் துன்பம் பெருகவே செய்தது. 1745 மே 14 அன்று வடக்கன்குளத்தில் இயேசு சபைத் துறவி புத்தாரி அடிகளாரிடம் திருமுழுக்குப் பெற்றுத் தேவசகாயம் ஆனவர், நான்காம் ஆண்டிலேயே கைது செய்யப்பட்டார். உடலெங்கும் கரும்புள்ளி செம்புள்ளி குத்தி, கழுத்தில் எருக்கம்பூ மாலை சூட்டி, எருமையின் மேல் பின்னோக்கி உட்கார வைத்து ஊர் ஊராகக் கொண்டு சென்றார்கள். அடிபட்ட காயங்களில் மிளகுத்தூளைத் தடவினார்கள். எங்கள் பகுதிக் கோயில்களில் உப்பும் மிளகும் நேர்ச்சையாகக் கொடுப்பது வழக்கம்; நானும் சிறுவயது முதல் கை நிறைய அள்ளிக் கொடுத்திருக்கிறேன். இந்தச் செய்தியை அறிந்த பிறகு மிளகை அள்ளும்போதெல்லாம் என் விரல்கள் ஒரு கணம் தயங்குகின்றன.

உதயகிரியை ஒட்டிய புலியூர்க்குறிச்சியில் முட்டிடிச்சான் பாறை இருக்கிறது. தாகத்தால் தவித்த புனிதர் இறைவனை வேண்டி முழங்கையால் இடித்தபோது இப்பாறையிலிருந்து நீர் சுரந்தது என்று மக்கள் வழிவழியாக நம்பி வருகிறார்கள். நீர் சுரந்த இடமாகக் காட்டப்படுவது பெரிய சுனையன்று, சிறிய குழிதான். ஒரு நாளைக்கு இவ்வளவுதான் நீர் பருகலாம் என்று மருத்துவர் அளந்து கொடுத்திருக்கும் மனிதர் என் அருகில் நின்றார். தாகம் என்னவென்று அவருக்குத் தெரியும். அவர் அந்தக் குழியின் விளிம்பைத் தொட்டு நெற்றியில் சிலுவை அடையாளம் வரைந்துகொண்டார். ஆண்டவர் தம் ஊழியருக்குத் தண்ணீர் கொடுத்தார், விலங்கை அவிழ்க்கவில்லை. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. அன்றாடம் எங்களுக்குக் கிடைக்கும் உதவியும் இந்த அளவிலேயே இருப்பதால், அதை அடையாளம் கண்டு நன்றி சொல்ல இந்தப் பாறை எனக்குக் கற்றுத் தருகிறது.

பெருவிளை என்ற ஊரில் புனிதரை வேப்பமரத்தில் கட்டி மாதக்கணக்கில் வைத்திருந்தார்கள். கட்டுண்ட நிலையிலும் தம்மைத் தேடி நோயோடு வந்தவர்களுக்கு வேப்பிலையைக் கொடுத்து ஆறுதல் சொன்னார் என்பது இவ்வூர் மரபு. அங்கே ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்த வயதான அம்மா ஒருவர் என் கணவரின் கையில் ஊசி குத்தித் தடித்திருந்த இடத்தைப் பார்த்து விவரம் கேட்டார். எவ்வளவு ஜெபித்தும் நோய் குணமாகவில்லையே என்றேன். "அவருக்கே மூணு வருசம் ஆச்சே மக்களே, சாமி கேக்காமலா இருந்தாரு?" என்று சொல்லி என் கையைப் பிடித்துக்கொண்டார். அதற்கு மேல் அவர் எதுவும் விளக்கவில்லை, நானும் கேட்கவில்லை.

காற்றாடிமலையில் எப்போதும்போல் பலத்த காற்று. கணவர் சற்று நடப்பதும் இளைப்பாறுவதுமாக ஏறினார். மணியடிச்சான் பாறையைச் சிறு கல்லால் தட்டினால் மணியோசை எழுகிறது. திருப்பயணிகள் அனைவரும் அதைத் தட்டிப் பார்க்கிறார்கள், நாங்களும் தட்டினோம். தேவசகாயம் 2012 டிசம்பர் 2 அன்று அருளாளராகவும், 2022 மே 15 அன்று உரோமையில் திருத்தந்தை பிரான்சிஸ் அவர்களால் புனிதராகவும் உயர்த்தப்பட்ட பிறகு இங்கு வருகிறவர்கள் பெருகியிருக்கிறார்கள். குருவோ துறவியோ அல்லாத, மனைவியோடு இல்லறம் நடத்திய ஓர் இந்தியப் பொதுநிலையினருக்கு இப்பேறு கிடைத்தது அதுவே முதல் முறை.

அந்த மனைவியைப் பற்றி நாம் போதுமான அளவு பேசுவதில்லை என்பது என் வருத்தம். பார்கவியாக இருந்து ஞானப்பூ அம்மாள் ஆனவர், கணவர் கொல்லப்பட்ட பிறகு வடக்கன்குளத்தில் வாழ்ந்து 1766-இல் இறந்தார். பதினான்கு ஆண்டுகள்! மறைசாட்சியின் மனைவி என்ற பெருமை அன்று அவருக்கு என்ன சலுகையைத் தந்திருக்கும்? உறவினரைப் பிரிந்து, வாழ வந்த ஊரில் அதே விசுவாசத்தில் நிலைத்திருந்தார். ஆகவே மலையிலிருந்து இறங்கியதும் வடக்கன்குளம் சென்று, அவர் அடக்கமான ஊரில் அவருக்காகவும் எங்களுக்காகவும் மன்றாடினோம். குணம் வேண்டும் என்று கேட்டேன். அதை இன்னும் கேட்டுக்கொண்டேதான் இருக்கிறேன். அதோடு, என் கணவரைக் கவனித்துக்கொள்ளும் இந்த நாள்களில் என் ஜெபம் வறண்டுவிடாதிருக்க வேண்டும் என்றும் கேட்டேன். மறுநாள் அதிகாலையில் டயாலிசிஸ் இருந்ததால் இருட்டுவதற்குள் வீடு திரும்பினோம்.