கனடாவில் காமன்-லா துணைக்கு வொர்க் பெர்மிட்: பி.ஆர். விண்ணப்பம்தான் முதல் படி

"என் பார்ட்னர் கனடியன் சிட்டிசன், நான் வேலைக்குப் போகலாம்தானே?" என்ற கேள்விக்குப் பதில்: முடியாது. திருமணம் செய்யாமல் சேர்ந்து வாழ்பவருக்கு (காமன்-லா துணை) மட்டுமல்ல, பதிவுத் திருமணம் முடித்தவருக்கும் இதே பதில்தான். துணையின் பாஸ்போர்ட் உங்களுக்கு வேலை உரிமை எதையும் தானாகத் தந்துவிடாது.

இதில் ஒரு வேடிக்கை. தகுதியான வேலையில் இருக்கும் வெளிநாட்டுத் தொழிலாளியின் துணை, பி.ஆர். (நிரந்தர வதிவிட உரிமை) பேச்சே எடுக்காமல் ஓப்பன் வொர்க் பெர்மிட், அதாவது எந்த முதலாளியிடமும் வேலை செய்யும் அனுமதி, கேட்கலாம். 2025 ஜனவரி 21 முதல் அந்த வாசல் நன்றாகச் சுருங்கிவிட்டது என்றாலும் இன்னும் திறந்துதான் இருக்கிறது. குடிமகனின் துணைக்கு அந்த வாசல் இல்லை. இது தெரியாமல் 'தொழிலாளியின் துணை' வகையில் துணையின் சம்பளச் சீட்டை வைத்து அனுப்பினால் நிராகரிப்புக் கடிதம்தான் வரும்.

குடிமகனின் துணைக்கான வழி இது: துணை உங்களை ஸ்பான்சர் செய்து பி.ஆர். விண்ணப்பம் போட வேண்டும். அது முழுமையானது என்று சரிபார்க்கப்பட்டு ஏ.ஓ.ஆர். எனும், விண்ணப்பம் கிடைத்ததற்கான ஒப்புகைக் கடிதம் வர வேண்டும். அதை இணைத்து ஓப்பன் வொர்க் பெர்மிட் கேட்க வேண்டும். குடிவரவுத் துறையின் போர்ட்டலில் சமர்ப்பித்தவுடன் வரும் தானியங்கி உறுதிச் செய்தி ஏ.ஓ.ஆர். அல்ல. விண்ணப்ப எண்ணோடு பின்னர் வரும் கடிதம்தான் ஏ.ஓ.ஆர். ஒரு கையெழுத்து விடுபட்டாலும் முழு விண்ணப்பமும் திரும்பி வரலாம், காத்திருந்த வாரங்கள் கணக்கில் சேராது.

முதலில் காமன்-லா என்று காட்ட வேண்டும். குறைந்தது 12 மாதம் தொடர்ச்சியாக ஒரே வீட்டில், கணவன் மனைவி போன்ற உறவில் வாழ்ந்திருக்க வேண்டும். வேலைக்காகவோ குடும்ப விஷயமாகவோ சில வாரம் பிரிந்திருந்தால் பரவாயில்லை. ஆளுக்கொரு நாட்டில் இருந்துகொண்டு தினமும் வீடியோ காலில் பேசிய காலம் இந்தக் கணக்கில் வராது. அத்தகையவர்களுக்கு 'கான்ஜுகல் பார்ட்னர்' என்று ஒரு வகை உண்டு; ஆனால் கனடாவுக்குள்ளிருந்து விண்ணப்பிக்கும் பிரிவில் அது செல்லாது.

ஐ.எம்.எம். 5409 என்ற சத்தியப் பிரமாணப் படிவத்தை நோட்டரி அல்லது கமிஷனர் ஆஃப் ஓத்ஸ் முன்னால் இருவரும் கையெழுத்திட வேண்டும். அதுமட்டும் போதாது. நம்மவர்களுக்குப் பெரும்பாலும் இடறுவது வாடகை ஒப்பந்தம். பேஸ்மென்ட்டில் ரொக்க வாடகை, ஒப்பந்தம் ஒருவர் பெயரில், அல்லது ஒப்பந்தமே இல்லை. அப்படியானால் வீட்டு உரிமையாளரிடம், இருவர் பெயரும் குடிவந்த தேதியும் எழுதிக் கையெழுத்திட்ட கடிதம் வாங்குங்கள். கூடவே இருவருக்கும் அதே முகவரிக்குத் தனித்தனியாக வந்த காகிதங்களை அடுக்குங்கள்: வங்கி அறிக்கை, போன் பில், டிரைவர் லைசென்ஸ், கார் இன்ஷூரன்ஸ். முக்கியம் தேதிகள். முதல் மாதத்தில் ஒன்று, நடுவில் சில, கடைசி மாதத்தில் ஒன்று என்று 12 மாதத்துக்கும் ஆதாரம் இருக்க வேண்டும். கடைசி இரண்டு மாதத்துக்கு மட்டும் முப்பது காகிதம் வைத்தால் அது இரண்டு மாத ஆதாரம்தான். கல்யாண வீட்டுப் படங்கள் நூறு வைப்பதைவிட ஜனவரி மாத ஹைட்ரோ (மின்சார) பில் ஒன்று மேல்.

அடுத்து வருமான வரி. இந்த விண்ணப்பத்தில் 'காமன்-லா' என்று எழுதிவிட்டு, அதே காலத்துக்கு வரித்துறையான சி.ஆர்.ஏ.யிடம் 'சிங்கிள்' என்று போட்டிருந்தால் அதிகாரி அதைக் கேட்பார். விண்ணப்பிக்கும் முன்பே ஆர்.சி.65 படிவத்திலோ ஆன்லைன் கணக்கிலோ திருத்திவிடுங்கள். ஸ்பான்சரின் பழைய கோப்பையும் பாருங்கள். அவர் பி.ஆர். பெற்றபோது நீங்கள் ஏற்கெனவே காமன்-லா துணையாக இருந்து, பெயர் அறிவிக்கப்படாமல் விடப்பட்டிருந்தால், ஸ்பான்சர் செய்யும் தகுதியே அடிபடலாம். ஸ்பான்சரே துணை வழியாக பி.ஆர். ஆனவரென்றால், அந்தத் தேதியிலிருந்து 5 வருடம் கழிய வேண்டும். இந்த இரண்டில் ஒன்று இருந்தால் பணம் கட்டும் முன் வழக்கறிஞரைப் பாருங்கள்.

இனி ஸ்டேட்டஸ். ஏ.ஓ.ஆர். இருந்தாலும், ஸ்பான்சரோடு ஒரே முகவரியில் வசித்தாலும், தற்காலிகக் குடியிருப்பு அனுமதி உயிரோடு இருக்க வேண்டும். விசிட்டராக வந்து பாஸ்போர்ட்டில் தனித் தேதி எழுதப்படாதிருந்தால் நுழைந்த நாளிலிருந்து 6 மாதம். அது முடியும் முன்பே நீட்டிப்புக் கேட்டுவிட்டால், முடிவு வரும்வரை தங்கலாம். வேலை செய்ய முடியாது.

பட்டதாரி வொர்க் பெர்மிட்டில் இருப்பவர்கள் கவனிக்க வேண்டியது வேறு. பெர்மிட் முடியும் முன் புதிய ஓப்பன் பெர்மிட்டுக்கு விண்ணப்பித்தால், முடிவு வரும்வரை வேலையைத் தொடரலாம். ஆனால் கையில் ஏ.ஓ.ஆர். இல்லாமல் அந்த விண்ணப்பமே போட முடியாது. அதனால் பெர்மிட் முடிய ஒரு மாதம் இருக்கும்போது பி.ஆர். ஃபைல் செய்வது தாமதம்; பல மாதம் முன்பே போடுங்கள். காலம் போய்விட்டதென்றால், பெர்மிட் முடியும் முன், விசிட்டராகத் தங்க அனுமதிக்கும் விசிட்டர் ரெக்கார்டுக்கு விண்ணப்பித்து ஸ்டேட்டஸைக் காப்பாற்றுங்கள். முடிந்த தேதியிலிருந்து வேலையை நிறுத்த வேண்டும், 'கேஷ் வேலை' உட்பட. அனுமதியில்லா வேலை அடுத்த பெர்மிட்டுக்கே தடையாகும்.

ஸ்டேட்டஸ் போய் 90 நாளுக்குள் என்றால் ரெஸ்டரேஷனோடு (இழந்த ஸ்டேட்டஸை மீட்கும் விண்ணப்பம்) சேர்த்து வொர்க் பெர்மிட் கேட்கலாம். அதையும் தாண்டியவர்கள், வேறு தடை இல்லையென்றால், 2005 முதல் இருக்கும் பொதுக் கொள்கையின் கீழ் உள்ளிருந்தே பி.ஆர். கேட்கலாம், ஆனால் வொர்க் பெர்மிட் அந்த பி.ஆர். விண்ணப்பத்தின் முதற்கட்ட ஒப்புதலுக்குப் பிறகுதான். எல்லைவரை போய்த் திரும்பி கையோடு பெர்மிட் வாங்கும் பழைய உத்தி 2024 டிசம்பர் 23 இரவோடு முடிந்தது.

பி.ஆர். விண்ணப்பத்தைக் கனடாவுக்குள்ளிருந்து கேட்கும் உள்நாட்டுப் பிரிவில் போடுவதா, வெளிநாட்டுப் பிரிவில் போடுவதா? முன்பு பெர்மிட்டுக்காகவே பலர் உள்நாட்டுப் பிரிவை எடுத்தார்கள். 2023இல் வந்த மாற்றத்தால், கனடாவில் துணையோடு வசிப்பவர் வெளிநாட்டுப் பிரிவில் போட்டாலும் பெர்மிட் கேட்கலாம். வெளிநாட்டுப் பிரிவில் மறுக்கப்பட்டால் ஸ்பான்சருக்கு மேல்முறையீட்டு உரிமை உண்டு, உள்நாட்டில் இல்லை. நடுவில் ஊருக்குப் போய்வரும் தேவை இருப்பவருக்கும் வெளிநாட்டுப் பிரிவே தோது.

வொர்க் பெர்மிட் கட்டணம் 155 டாலரும், ஓப்பன் பெர்மிட்டுக்கான தனி 100 டாலரும் சேர்த்து 255. அந்த 100ஐ விட்டுவிடுவது அடிக்கடி நடக்கும் தவறு. பாஸ்போர்ட் எப்போது காலாவதியாகிறதோ அதற்கு மேல் பெர்மிட் தரமாட்டார்கள், ஆகவே முதலில் பாஸ்போர்ட்டைப் புதுப்பியுங்கள்.

பெர்மிட் வந்ததும் அடியிலுள்ள நிபந்தனைகளை வாசியுங்கள். மருத்துவப் பரிசோதனை முடியாதவர்களுக்கு மருத்துவமனை, டேகேர், பள்ளி வேலைகள் கூடாது என்று எழுதியிருக்கலாம், பி.எஸ்.டபிள்யூ. (முதியோர், நோயாளிப் பராமரிப்பு) வேலையை நினைத்திருப்பவர் பரிசோதனை முடித்து நிபந்தனையை மாற்றக் கேட்க வேண்டும், அதற்கும் கட்டணம் உண்டு. பிறகு சர்வீஸ் கனடாவில் 9இல் தொடங்கும் சின் நம்பர், அதாவது வேலைக்குத் தேவையான சமூகக் காப்பீட்டு எண். அதன் காலாவதித் தேதி பெர்மிட்டோடு ஒட்டியது. பெர்மிட் நீட்டிக்கப்படும் ஒவ்வொரு முறையும் சின் பதிவையும் புதுப்பிக்க வேண்டும்.