கொச்சிக்கடை சிவன் கோயிலில் ஒரு செருப்பு வரிசை

கொழும்பு வெள்ளவத்தையில் மகளைப் பார்க்க வந்த இடத்தில், பிரதோஷத்தன்று கொச்சிக்கடை பொன்னம்பலவாணேஸ்வரர் கோயிலுக்குப் போனேன். பொன்னம்பல முதலியார் கட்டிய கோயில். மகன் சர் பொன்னம்பலம் இராமநாதன் 1907-இல் திருப்பணி தொடங்கி, கருங்கல்லிலேயே எடுத்துக் கட்டினார். வெளியே லாரி இரைச்சல். உள்ளே கால் வைத்ததும் கல்லின் குளிர்ச்சி, எண்ணெய் வாசம், விளக்கு வெளிச்சம். பெயின்ட் பூசாத கோயிலைப் பார்த்து எத்தனை நாளாயிற்று!

வாசலில் செருப்பைக் கழற்றியவன், பழக்கதோஷத்தில் பக்கத்தில் சிதறிக் கிடந்த நாலைந்து ஜோடிகளையும் நேர்க்கோட்டில் அடுக்கிவிட்டேன். மதராஸ் ரெஜிமென்ட்டில் எங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை மந்திர் பரேடு. பூட்ஸ் வரிசை ஒரு விரல் கோணினாலும் ஹவில்தார் சாமி கும்பிட விடமாட்டார். பஜனை முடிந்து கிடைக்கும் கேசரிக்காகவே பாதிப் பேருக்குப் பக்தி வந்தது, எனக்கும்தான்.

"தம்பி ஆமியில இருந்தனீங்களோ?"

சட்டையைக் கழற்றிக் கையில் வைத்திருந்த ஒரு பெரியவர். எண்பது இருக்கும். ஆமாம் என்றேன்.

"இந்தியன் ஆமி? எங்கட பக்கம் வந்தனீங்களோ?"

பொய் சொல்லியிருக்கலாம். சந்நிதிக்கு எதிரே வாய் வரவில்லை.

"பலாலியில இறங்கினோம் ஐயா. 87 அக்டோபர்."

இந்திய அமைதிப்படையாக யாழ்ப்பாணத்தில் அமைதி காக்கப் போகிறோம் என்றுதான் எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள். இறங்கியபோது விடுதலைப் புலிகளோடு சண்டை. 1990 மார்ச்சில் படை திரும்பியபோது ஏறத்தாழ 1,200 பேர் திரும்பவில்லை. கொழும்பை அடுத்த பத்தரமுல்லையில் அவர்களுக்கு நினைவுச்சின்னம் இருக்கிறது. முந்தின நாள்தான் அங்கே போய், என் செக்‌ஷன் பையன் ஒருவனின் பெயரைக் கறுப்புக் கல்லில் தேடித் தடவிவிட்டு வந்திருந்தேன்.

பெரியவர் தூணைப் பார்த்தபடி சொன்னார்: "அப்ப நாங்கள் நல்லூர் கோயிலுக்குள்ள இருந்தனாங்கள். நான், மனுசி, மூண்டு பிள்ளையள். சனம் நிறைஞ்சு கால் நீட்ட இடமில்லை."

எங்கள் மேப்பில் நல்லூர் ஒரு புள்ளி. அதற்குள் ஆள் இருந்தார்கள் என்பது தெரியும். மூன்று பிள்ளைகள் என்று தெரியாது. அவர்களுக்கு என்ன ஆயிற்று என்று கேட்க எனக்குத் துணிவில்லை. மணி அடித்தது. நந்திக்கு அபிஷேகம். அவர் தேவாரம் பாடினார், குரல் நடுங்கவில்லை. நான் கைகூப்பி நின்றேன். என்ன வேண்டிக்கொண்டேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

வெளியே வந்தபோது கூட்டம் மிதித்து வரிசை கலைந்திருந்தது. அவர் கண்ணுக்குச் செருப்பு அகப்படவில்லை. வார் அறுந்து ஊக்குக் குத்திய ஜோடி; நான்தானே அடுக்கினேன். எடுத்துக் காலடியில் வைத்தேன். ஒரு கணம் தயங்கி மாட்டிக்கொண்டார்.

"ஆட்டோவிலயோ போறீங்கள்? செட்டியார் தெரு மட்டும் நானும் வாறன்."