துவாய் சூடாக இருக்கிறது, தம்பி

சென்ற கார்த்திகை மழையில், உப்புவெளியில் ஒரு விருந்தினர் விடுதியின் குளியலறைக்குள் நானும் என்னிடம் வேலை பழகும் பையனும் நின்றிருந்தோம். விடுதியை நடத்தும் அக்கா கைத்தொலைபேசியில் ஒரு படத்தைக் காட்டினார். ஏணியைப் போல அடுக்கடுக்காகக் குரோம் கம்பிகள், அவற்றில் மடித்துப் போட்ட வெள்ளைத் துவாய்கள்.

"லண்டனில் மகள் வீட்டில் பூட்டியிருக்கிறாள். துவாய் எந்த நேரமும் சுடச்சுட இருக்கும். இங்கே மார்கழியில் வெளிநாட்டுச் சொந்தக்காரர்கள் வந்து தங்கினால், துவாய் காயவில்லை, ஈரவாடை அடிக்கிறது என்கிறார்கள். ஐந்து அறைக்கும் இப்படிப் பூட்டித் தர முடியுமா?"

பையன் படத்தைக் கூர்ந்து பார்த்தான். "அண்ணை, இந்தக் கம்பிக்குள் தண்ணீரா ஓடுகிறது?"

ஓடுகிறது என்றேன். லண்டனில் ஓடுகிறது. அதைச் சொல்லும்போதே, லண்டன் டூட்டிங் பகுதியில் நான் வேலை செய்த ஒரு வீட்டு அம்மாவின் முகம் முன்னால் வந்து நின்றது.

பன்னிரண்டு வருடம் லண்டனில் குழாய் வேலை செய்துவிட்டுத்தான் திருகோணமலைக்குத் திரும்பினேன். அங்கே பெரும்பாலான வீடுகளில் ஒரு பொய்லர் இருக்கும். அது சூடாக்கும் தண்ணீர் செப்புக் குழாய் வழியாக ஒவ்வோர் அறையின் ரேடியேற்றருக்கும், அதாவது அறையைச் சூடாக்கச் சுவரில் பூட்டிய உலோகத் தட்டுக்கும், போய், சூட்டை விட்டுவிட்டுத் திரும்பி வரும். குளிக்கிற தண்ணீர் வேறு, இது வேறு. மூடிய வட்டத்துக்குள் அதே தண்ணீர் வருடக்கணக்காகச் சுற்றும். இரும்பு அரித்து அரித்து அது கறுத்துப்போயிருக்கும். புதிதாக வேலைக்குப் போன காலத்தில் ஒரு வீட்டுக் கம்பளத்தில் அந்தத் தண்ணீர் ஒரு கோப்பை அளவு சிந்திவிட்டது. அந்தக் கறை போகவே இல்லை.

குளியலறை ரேடியேற்றரைக் கழற்றிவிட்டு, அக்கா படத்தில் காட்டியது போன்ற ஏணிக் கம்பியை, டவல் ரெயில் என்போம், பூட்டுவது அங்கே மிகச் சாதாரணமான வேலை. சுவரில் இடம் மிச்சமாகிறது, பார்க்க அழகு, துவாயும் காய்கிறது. வேலை தெரிந்தவனுக்கு அரை நாள் போதும். முதலில் பொய்லரை நிறுத்தி ஆறவிட வேண்டும். ரேடியேற்றரின் இரு பக்கமும் இரண்டு வால்வுகள் இருக்கும். ஒன்று வீட்டுக்காரர் கையால் திருகுவது. மற்றது மூடி போட்டது, லொக்ஷீல்ட் என்போம். இந்த இரண்டாவதை மூடும்போது எத்தனை சுற்று என்று எண்ணி எழுதி வைக்க வேண்டும். அந்த ரேடியேற்றருக்கு எவ்வளவு தண்ணீர் போக வேண்டும் என்று முன்பு யாரோ அளந்து திறந்து வைத்த பங்கு அது. அதைத் தொலைத்தால் ஓர் அறை வேகும், இன்னோர் அறை குளிரும். பிறகு கீழே தட்டத்தை வைத்து, நட்டைத் தளர்த்தி, மேலே காற்றுத் திருகைத் திறந்தால் கறுப்புத் தண்ணீர் இறங்கும்.

சிக்கல் எப்போதும் அகலத்தில்தான் வரும். பழைய ரேடியேற்றர் 600 மில்லிமீற்றர், வாங்கி வைத்திருக்கும் டவல் ரெயில் 500. குழாய்கள் இரண்டும் தரையிலிருந்து எழும்பும் இடம் பொருந்தாது. அப்போது முழு வட்டத்தின் தண்ணீரையும் இறக்கி, தரைப் பலகையைக் கிளப்பி, 15 மில்லிமீற்றர் குழாயை வெட்டி நகர்த்த வேண்டும். புதியதன் மரைகளுக்குத் த்ரெட் சீல் சுற்றி இறுக்கி, தண்ணீரை நிரப்பி, துருத் தடுக்கும் மருந்தைச் சேர்த்து, காற்றை வெளியேற்றி, அமுக்கத்தை ஒன்றுக்கும் ஒன்றரை பாருக்கும் இடையில் நிறுத்தினால் வேலை முடிந்தது.

டூட்டிங் வீட்டிலும் இத்தனையும் பிழையில்லாமல் செய்தேன். அம்மா திருகோணமலைப் பாலையூற்றில் பிறந்தவர். ஊர்க்காரன் என்று அறிந்ததும் தேநீரோடு பருத்தித்துறை வடையும் கொண்டுவந்து வைத்தார். ரெயிலை வாங்கியது மகள். 1200 உயரம், 500 அகலம், பளபளக்கும் குரோம். பெட்டியின் பக்கத்தில் அதன் வெப்பம் அச்சிடப்பட்டிருந்தது: 300 வாட்டுக்குச் சற்று மேல். நான் கழற்றிய ஒற்றைத் தட்டு ரேடியேற்றர் ஏறத்தாழ 600 வாட் கொடுத்துக்கொண்டிருந்தது. பாதி. அந்த எண்ணை வாசித்தேன். மகளிடம் சொல்ல வேண்டும் என்ற நினைப்பும் வந்தது. அவர் அவ்வளவு ஆசையாக அந்தக் கம்பியைத் தடவிப் பார்த்துக்கொண்டு நின்றார். பின்னேரம் எனக்கு இன்னொரு வீட்டில் வேலை இருந்தது. சொல்லவில்லை.

தை மாதத்தில் அம்மா தொலைபேசியில் அழைத்தார். "துவாய் சூடாக இருக்கிறது, தம்பி. எனக்குத்தான் குளிர்கிறது."

போய்ப் பார்த்தேன். ரெயில் கொதித்தது, மேலிருந்து கீழ்வரை ஒரே சூடு. என் வேலையில் ஒரு குறையும் இல்லை. ஆனால் அறை சில்லென்று இருந்தது. மினுங்கும் குரோம் வெப்பத்தை வெளியே வீசுவதில் கஞ்சன். அதே அளவில் வெள்ளை வர்ணம் பூசிய ரெயில் அதைவிடக் கூடுதலாகக் கொடுக்கும். போதாததற்கு அம்மா இரண்டு தடித்த துவாய்களை மடித்துப் போட்டிருந்தார். போர்வை போர்த்திய அடுப்பு எப்படி அறையைச் சூடாக்கும்? அவருக்கு எழுபது வயதுக்கு மேல், முழங்காலில் வாதம். வாரத்துக்கு இரண்டு நாள்தான் குளிக்கிறேன் என்று சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். ஊரில் விடியற்காலையில் கிணற்றடியில் முழுகி வளர்ந்த மனிதர் அதைச் சொல்லக் கூசிய விதத்தை என்னால் மறக்க முடியவில்லை.

"கன்னியாவில் வாளியால் அள்ளி ஊற்றினால் சூடு உடம்பில் இருக்குமே, தம்பி. இங்கே துவாயில் மட்டும் இருக்கிறது" என்றார். திருகோணமலைக்குப் பக்கத்துக் கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகளும் ஒன்றுக்கொன்று சற்று வேறான சூடு. எது தனக்குப் பிடித்த கிணறு என்று அவர் விரலால் எண்ணிக் காட்டினார்.

பழைய ரேடியேற்றர் பின்வளவுச் சுவரில் மழையில் சாய்ந்து கிடந்தது. அதைக் குழாய்த் தண்ணீரால் தெளிவாக வரும்வரை கழுவினேன். ஜன்னலுக்குக் கீழே இடம் இருந்தது. அதே குழாய்களிலிருந்து கிளை எடுத்து அங்கே பூட்டினேன். டவல் ரெயிலும் இருந்த இடத்திலேயே இருந்தது. கூலி வாங்கவில்லை, மகள் வற்புறுத்தியும் வாங்கவில்லை. முதல் நாளே ஒரு வாக்கியம் பேசியிருந்தால் அந்த அம்மா மூன்று கிழமை குளிரில் நடுங்கியிருக்க மாட்டார்.

அன்றிலிருந்து ஒரு கொப்பி வைத்திருக்கிறேன். எந்த வீட்டில் எதைக் கழற்றினாலும், அது அங்கே என்னென்ன வேலை செய்தது என்று முதலில் எழுதுவேன். லொக்ஷீல்ட் சுற்று எண்ணிக்கையும் அதிலேதான். திருகோணமலைக்கு வந்த பிறகும் அந்தப் பழக்கம் விடவில்லை.

இதையெல்லாம் பையனுக்குச் சொல்லி முடிக்கும்வரை அக்காவும் கேட்டுக்கொண்டு நின்றார். பிறகு உப்புவெளி விஷயத்துக்கு வந்தோம். இங்கே பொய்லரும் இல்லை, சுற்றும் தண்ணீரும் இல்லை. பூட்டுவதென்றால் மின்சாரத்தில் சூடாகும் ரெயில்தான். பழைய மஞ்சள் மின்குமிழ் ஒன்றிரண்டு எரிக்கும் அளவு மின்சாரம் எடுக்கும், அது பெரிய செலவில்லை. ஆனால் ஈரமான அறையில் மின்சாரம் என்பதால் எர்த் கம்பியும் ட்ரிப் சுவிட்சும் சரியாக இருக்கிறதா என்று பார்க்காமல் நான் கை வைக்க மாட்டேன். தண்ணீர் தெறிக்கும் இடத்துக்குப் பக்கத்தில் பூட்டவும் மாட்டேன். குரோம் பூச்சும் இந்த உப்புக் காற்றுக்குத் தாங்காது. கடலோரத்துக்கென்று விற்கும் 316 தரத் துருவேறா உருக்குத்தான் நிற்கும், அது விலை கூட.

அவற்றைவிடப் பெரிய கேள்வி ஒன்று இருந்தது. கம்பி சூடானால் துவாயிலுள்ள ஈரம் காற்றில் ஏறும். அந்தக் காற்று எங்கே போகும்? குளியலறையைச் சுற்றிப் பார்த்தேன். கூரையோரம் வரை புதிய டைல், ஒரு துளைகூட இல்லை.

"அக்கா, கட்டின காலத்தில் இந்த அறை இப்படியா இருந்தது?"

மேலே சிமெந்துத் துளைக் கற்கள் இருந்தன என்றார். போன வருடம் அறைகளுக்கு ஏசி போட்டபோது, குளிர் வெளியே போகாமலும் நுளம்பு வராமலும் இருக்க அவற்றை அடைத்து டைல் ஒட்டிவிட்டாராம். அதற்கு முந்திய மார்கழிகளில் துவாய் பற்றி யாரும் குறை சொன்னதாக அவருக்கு நினைவில்லை.

அவர் உடனே சம்மதிக்கவில்லை. புதிய டைலை உடைப்பது யாருக்கும் வயிற்றெரிச்சல்தான். ஓர் அறையில் மட்டும் செய்து பார்ப்போம் என்று கேட்டு, டைலை வெட்டி, நுளம்பு வலையோடு சிறிய வெளியேற்று விசிறி ஒன்றைப் பூட்டினோம். அன்று பின்னேரம் ஒரே மாதிரியான இரண்டு துவாய்களை நனைத்துப் பிழிந்து, விசிறி போட்ட அறையில் ஒன்றும் அடைத்த அறையில் ஒன்றும் தொங்கவிட்டோம். இரவு முழுவதும் மழை. விடியப் பையன் இரண்டையும் கன்னத்தில் வைத்துப் பார்த்தான். ஒன்று இலேசான ஈரம், வாடை இல்லை. மற்றது போட்டபடியே கனத்துக் கிடந்தது. இலேசான அந்த ஈரத்தைத் தீர்க்கத்தான் ரெயில் தேவை என்று அக்காவிடம் சொன்னேன். கடல் பக்கத்து இரண்டு அறைகளுக்கு மட்டும் வாங்குவதென்று முடிவாயிற்று.

சாமான்களை முச்சக்கர வண்டியில் ஏற்றியபோது பையன் கொப்பியை விரித்து வைத்துக்கொண்டு நின்றான்.

"அண்ணை, இங்கே நாங்கள் எதையும் கழற்றவில்லையே. என்ன எழுதுவது?"

"துளைக் கல் என்று எழுது. அறைக்கு நான்கு."