முதல் நூலகர் மாநாடு: பணியார வரிசையில் கிடைத்த பதில்

தேவகோட்டைப் பக்கம் ஒரு கலைக் கல்லூரியில் நூலகராகச் சேர்ந்து மூன்று வருடம் கழித்துத்தான் முதல் மாநாட்டுக்குப் போனேன். காரைக்குடியில் இரண்டு நாள். டவுன் பஸ் தூரம்தான். இருந்தும் முந்தின இரவு தூக்கமே இல்லை.

கட்டுரை வாசிக்கப் போகிறவர்கள் என் தப்பைச் செய்யாதீர்கள். 'எங்கள் நூலகத்தில் கோஹா' என்று, நூலக வேலைகளுக்கான அந்த மென்பொருளைப் பற்றி எழுதிக்கொண்டு போனேன். என் அமர்வில் எட்டுக் கட்டுரை, அதில் மூன்று அதே கதை. பத்து நிமிடம் என்று சொன்னவர்கள் ஆறு நிமிடத்தில் மணி அடித்துவிட்டார்கள். இருபத்து நாலு ஸ்லைடு வைத்திருந்தேன், ஒன்பதோடு இறங்கினேன். கோஹா நியூசிலாந்தில் பிறந்த கதை அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும். நூலகவியல் அறிஞர் ரங்கநாதன் 1931-இல் வெளியிட்ட நூலகத்துக்கான ஐந்து விதிகளும் தெரியும். அன்று காலை மட்டும் நான்கு பேர் அதை முதல் ஸ்லைடில் போட்டார்கள், நான் உட்பட! உங்கள் நூலகத்தில் என்ன சிக்கல், என்ன செய்தீர்கள், என்ன ஆனது என்பதை முதல் இரண்டு ஸ்லைடுக்குள் சொல்லிவிடுங்கள்.

எனக்கு உண்மையான சிக்கல் ஒன்று இருந்தது. அதைக் கட்டுரையாக்கத் தோன்றவே இல்லை. கோட்டையூரில் ஒரு பெரிய வீட்டைப் பங்காளிகள் பிரித்துக்கொண்டபோது, யாருக்கும் வேண்டாத மூன்று மூட்டைத் தாள்கள் எங்கள் கல்லூரிக்கு வந்தன. ரங்கூனில் அச்சான சிறு புத்தகங்கள், பேரேடுகள், கட்டுக் கட்டாகக் கல்யாணப் பத்திரிகைகள். 'எடைக்குப் போட்டுடுங்க' என்றார்கள். மனசு வரவில்லை. ஆனால் நூலகத்துக்கு வரும் ஒவ்வொன்றையும் எண் போட்டுப் பதியும் அக்சஷன் பதிவேட்டில் இவற்றை எப்படி ஏற்றுவது? இராமபாணப் பூச்சி துளைத்ததை என்ன செய்வது?

டீ இடைவேளையில் வெள்ளைப் பணியாரத்துக்கு வரிசையில் நின்றபோது, பின்னால் நின்ற ஓய்வுபெற்ற நூலகர் ஒருவரிடம் பேச்சுவாக்கில் இதைச் சொன்னேன். கிழிசலுக்கு செல்லோ டேப் ஒட்டியதையும் சொல்லிவிட்டேன்.

"ஐயையோ, டேப்பா? நாலு வருசத்துல மஞ்சளாகி எழுத்தையும் சேத்துக் கெடுத்துருமேம்மா!"

அதன்பிறகு அவர் சொல்லச் சொல்லப் பணியாரம் ஆறிப்போனது. கிழிசலுக்கு மெல்லிய ஜப்பானியத் தாளும் மாவுப் பசையும். பூச்சிக்கு, காற்றுப் புகாதபடி பாலித்தீன் பையில் கட்டி, மைனஸ் 20 டிகிரி டீப் ஃப்ரீசரில் இரண்டு வாரம். வெளியே எடுத்ததும் ஒரு நாள் பையைப் பிரிக்கக் கூடாது, பிரித்தால் தாள் வியர்த்துவிடும். எந்த வீடு, எந்தப் பெட்டி, எந்த வரிசையில் இருந்தது என்பதைக் கலைக்கும் முன்பே எழுதி வைக்க வேண்டும்.

கடைசியில் சிரித்தார். "கோட்டையூர்ல இருந்து வந்ததுன்னு சொல்றீங்க, பத்திரிகையெல்லாம் வச்சிக்கலாமான்னு என்கிட்ட கேக்குறீங்க!" பழைய நூல்களைத் தேடிச் சேகரித்த ரோஜா முத்தையா சேர்த்தது அதே கோட்டையூரில்தான். புத்தகம் மட்டுமா, மற்றவர்கள் குப்பை என்ற அழைப்பிதழ், துண்டு நோட்டீஸ் எல்லாம். அவர் மறைந்தபின் சிகாகோ பல்கலைக்கழகம் அதை வாங்கியது, 1994-இல் சென்னையில் ஆராய்ச்சி நூலகம் ஆனது. தேர்வுக்குப் படித்த பெயர்தான். என் மூட்டையோடு சேர்த்துப் பார்க்கத் தெரியவில்லை.

ஆகவே, போகும்போது உங்கள் நூலகத்தின் ஒரு கேள்வியைக் கையோடு கொண்டுபோங்கள். மேடையில் கேட்கக் கூச்சமாக இருந்தால் சாப்பாட்டு வரிசையில் கேளுங்கள்.

மற்றவை சில்லறை விஷயம். பணி நிமித்தம் போவதாகக் கல்லூரி தரும் ஓ.டி. கடிதத்தை முன்கூட்டியே வாங்கிவிடுங்கள். சான்றிதழுக்கான பெயரைப் பதிவு மேசையிலேயே சரிபாருங்கள், எனக்கு இனிஷியல் மாறி வந்தது. ஸ்டால்தோறும் போன் நம்பர் எழுதிக் கொடுக்காதீர்கள். மின்னூல் விற்கிறவர்கள் இன்னும் என்னைக் கூப்பிடுகிறார்கள்.

ஃப்ரீசருக்கு விலங்கியல் துறையில் கேட்டேன். மீன்களை ஒரு தட்டுக்கு ஒதுக்கி இடம் கொடுத்தார்கள். முதல் தவணையாகப் பதினோரு பேரேடு உள்ளே போயிருக்கிறது.