கேள்வித்தாளை நிரப்பியவர் யார்? குறிப்புரை நூற்பட்டியல் எழுதக் கற்ற கதை

சிங்கப்பூரில் எங்கள் அலுவலகத்தில் என்னோடு வேலை பார்க்கும் தம்பி ஒருவர் இந்த ஆண்டு மனிதவள மேலாண்மைப் பட்டப்படிப்பில் பகுதிநேர மாணவராகச் சேர்ந்திருக்கிறார். போன வாரம் கோப்பிக்கடையில் மதிய உணவு சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, "அக்கா, பத்துக் கட்டுரைகளுக்குக் குறிப்புரையோடு நூற்பட்டியல் கேட்டிருக்கிறார்கள். ஒவ்வொன்றின் முகப்பிலும் இருக்கும் சுருக்கத்தைக் கொஞ்சம் மாற்றி எழுதிக் கொடுத்தால் போதும்தானே?" என்று கேட்டார். சில ஆண்டுகளுக்கு முன் நானும் அப்படித்தான் நினைத்தேன்; அப்படியே எழுதிக் கொடுத்து இருபதுக்கு ஒன்பது வாங்கினேன். அன்று சாப்பாட்டு மேசையில் அவருக்குச் சொன்னதைச் சற்று விரிவாக இங்கே எழுதிவைக்கிறேன்.

குறிப்புரை நூற்பட்டியலில் ஒவ்வொரு நூல் அல்லது கட்டுரையின் விவரத்துக்குக் கீழும் ஒரு பத்தி இருக்கும். பெரும்பாலும் 150 முதல் 200 சொற்கள். ஆய்வாளர் என்ன கேட்டார், எப்படித் தேடினார், அவர் கண்டதை எந்த அளவுக்கு நம்பலாம், என் ஆய்வுக்கு அது எங்கே உதவும் என்ற நான்கும் அந்தப் பத்தியில் வர வேண்டும். முதல் இரண்டையும் கட்டுரையின் சுருக்கமே சொல்லிவிடுகிறது. பின் இரண்டும் எந்தச் சுருக்கத்திலும் கிடைக்காது, மதிப்பெண் இருப்பதோ அங்கேதான். நான் முதல் இரண்டை மட்டும் பத்து முறை எழுதியிருந்தேன்.

அப்போது நான் எடுத்துக்கொண்ட தலைப்பு, துப்புரவுத் துறையில் மூத்த ஊழியர்கள் ஏன் வேலையை விட்டு விலகுகிறார்கள் என்பது. அந்தத் துறையின் மனிதவளப் பிரிவில்தான் அன்றும் வேலை பார்த்தேன், இன்றும் பார்க்கிறேன். மனிதவள ஆய்வில் யாரும் தாண்டிப் போக முடியாத ஒரு கட்டுரை, மார்க் ஹூசெலிட் 1995இல் அகாடமி ஆஃப் மேனேஜ்மென்ட் ஜர்னலில் எழுதியது. அமெரிக்காவின் 968 நிறுவனங்களிலிருந்து கேள்வித்தாள் வழியாகத் தரவு திரட்டி, நல்ல ஆள்தேர்வு, பயிற்சி, செயல்திறனோடு இணைந்த சம்பளம் போன்ற நடைமுறைகள் அதிகமுள்ள இடங்களில் ஊழியர் விலகல் குறைவு, விற்பனையும் லாபமும் அதிகம் என்று அவர் காட்டினார். நடைமுறைகளின் அளவு ஒரு திட்டவிலக்கம் (நிறுவனத்துக்கு நிறுவனம் உள்ள வேறுபாட்டை அளக்கும் புள்ளியியல் அலகு) கூடும்போது விலகல் விகிதம் 7.05 விழுக்காடு குறைவதாகவும், ஓர் ஊழியருக்கான விற்பனை 27,044 அமெரிக்க டாலர் கூடுவதாகவும் கணக்கு. இவ்வளவு துல்லியமான எண்களைப் பார்த்ததும் எனக்குக் கை பரபரத்தது. அப்படியே எடுத்து எழுதி, "இது மிக முக்கியமான ஆய்வு, என் தலைப்புக்குப் பயனுள்ளது" என்று முடித்தேன். ஆசிரியர் ஓரத்தில் சிவப்பு மையில் எழுதியிருந்தது ஒரே கேள்விதான்: "கேள்வித்தாளை நிரப்பியவர் யார்?"

திரும்பப் போய், ஆய்வுமுறைப் பகுதியை முதன்முறையாக வரிவிடாமல் படித்தேன். கேள்வித்தாள் ஒவ்வொரு நிறுவனத்தின் தலைமையகத்திலும் மனிதவளப் பிரிவின் மூத்த அதிகாரி ஒருவருக்குப் போயிருந்தது. பதில் அனுப்பியவை 28 விழுக்காட்டு நிறுவனங்கள். ஆயிரக்கணக்கானோர் வேலை செய்யும் இடத்தில், எத்தனை பேருக்குப் பயிற்சி கிடைக்கிறது, எத்தனை பேரின் குறைகளைக் கேட்க முறையான வழி இருக்கிறது என்பதையெல்லாம் மேலே உட்கார்ந்திருக்கும் ஒருவர் சொல்கிறார். அந்த நாற்காலிக்கு ஓரளவு பக்கத்தில் இருப்பவள் என்பதால் சொல்கிறேன், எங்கள் துறையில் அந்தப் பதிலில் பாதி ஆசையாகத்தான் இருக்கும். 2000இல் பேரி கெர்ஹார்ட்டும் அவருடைய சக ஆய்வாளர்களும் பெர்சொனெல் சைக்காலஜி இதழில் இதைத்தான் எடுத்துப் பேசினார்கள். ஒரே நிறுவனத்தைப் பற்றிப் பலரிடம் கேட்டால் பதில்கள் ஒத்துப்போவதில்லை, ஆகவே ஒருவரின் பதிலை மட்டும் நம்பி அளப்பதில் பிழை பெரிது என்பது அவர்கள் வாதம்.

அதே இதழில் 2005இல் பாட்ரிக் ரைட்டும் வேறு மூவரும் எழுதிய கட்டுரை இன்னொரு முடிச்சைப் போட்டது. 45 வணிகப் பிரிவுகளை ஆராய்ந்த அவர்கள், மனிதவள நடைமுறைகளுக்கும் பிற்காலச் செயல்பாட்டுக்கும் தொடர்பு இருப்பதைக் கண்டார்கள். ஆனால் முற்காலச் செயல்பாட்டைக் கணக்கில் சேர்த்ததும் அந்தத் தொடர்பு ஏறக்குறைய மறைந்துவிட்டது. நல்ல மனிதவள நடைமுறையால் நிறுவனம் செழிக்கிறதா, செழித்த நிறுவனத்திடம் காசு இருப்பதால் நல்ல நடைமுறை வருகிறதா என்பதை இப்படிப்பட்ட தரவை வைத்து எளிதில் பிரிக்க முடியாது. இந்த மூன்று கட்டுரைகளும் என் பட்டியலில் முதலிலிருந்தே இருந்தன. அகர வரிசைப்படி ஒன்றுக்கொன்று தூரத்தில், பக்கத்து வீட்டாரைத் தெரியாத அடுக்குமாடிக் குடியிருப்பாளர்களைப் போல இருந்தன. ஒரு குறிப்புரை மற்றொன்றைப் பெயர் சொல்லி அழைக்கலாம், அழைக்க வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

இவற்றையெல்லாம்விட எனக்குப் பெரிதாகத் தெரிந்தது "விலகல்" என்ற சொல். எங்கள் துறையில் குத்தகை ஏலத்தில் ஒரு நிறுவனம் தோற்று வேறொன்று வந்தால், அதே புளோக்கைக் கூட்டிக்கொண்டிருந்த அம்மா பல சமயம் அங்கேயே இருப்பார். சட்டையின் நிறமும் சம்பளம் போடும் கணக்கும் மட்டும் மாறும். எங்கள் பதிவேட்டில் அவர் விலகியவர். அவரைக் கேட்டால், பதினொரு ஆண்டுகளாக அதே மின்தூக்கி வாசலைத் துடைப்பதாகச் சொல்வார். ஹூசெலிட்டின் அளவீட்டை இங்கே அப்படியே கொண்டுவந்தால் நான் எதை அளப்பேன்? இந்தக் கேள்வியை எந்தத் தரவுத்தளமும் எனக்குத் தந்திருக்காது. மறுமுறை எழுதிய குறிப்புரையை, கொஞ்சம் சுருக்கி, அப்படியே தருகிறேன்:

"968 அமெரிக்க நிறுவனங்களின் தரவைக் கொண்டு, மனிதவள நடைமுறைகளுக்கும் ஊழியர் விலகல், உற்பத்தித்திறன், லாபம் ஆகியவற்றுக்கும் உள்ள தொடர்பை இக்கட்டுரை அளக்கிறது. நிறுவனத்துக்கு ஒருவர் மட்டுமே பதில் அளித்திருப்பதால், கெர்ஹார்ட் குழுவினர் (2000) சுட்டும் அளவீட்டுப் பிழை இதற்கும் பொருந்தும். காரண காரியத் திசையைப் பற்றிய ஐயத்தை ரைட் குழுவினர் (2005) வலுப்படுத்துகின்றனர். எனவே இதன் எண்களைச் சிங்கப்பூருக்கான முன்கணிப்பாக நான் எடுத்துக்கொள்ளவில்லை. எந்தெந்த நடைமுறைகளைத் தொகுத்து அளக்கலாம் என்பதற்கான தொடக்கப் பட்டியலாக மட்டும் பயன்படுத்துகிறேன். குத்தகை மாற்றத்தால் ஏற்படும் விலகலை இதன் அளவீடு பிரித்துக் காட்டாது என்பதால், அதற்குத் தனி வரையறை தேவை."

இதற்குப் பதினாறு மதிப்பெண் கிடைத்தது. அதைவிட, ஆறு மாதம் கழித்து முந்தைய ஆய்வுகளைப் பற்றிப் பேசும் ஆய்வேட்டின் இரண்டாம் அத்தியாயத்தை எழுத உட்கார்ந்தபோது, பாதி வேலை ஏற்கெனவே முடிந்திருந்தது பெரிய நிம்மதி.

உள்ளூர் ஆவணங்களுக்குக் குறிப்புரை எழுதும்போது கவனிக்க வேண்டியது வேறு. சட்டத்துக்கு ஆயுள் உண்டு. ஓய்வு வயதை எட்டியவரைத் தொடர்ந்து வேலையில் வைத்துக்கொள்ளும் மறுவேலை நியமனம் 2012இல் சட்டமானபோது அதன் வயது வரம்பு 65. 2017 ஜூலையில் 67 ஆனது, 2022 ஜூலையில் 68 ஆனது, 2026 ஜூலைக்கு 69 என்று முடிவாயிற்று. 2014இல் வந்த ஒரு கட்டுரை "வரம்பைத் தாண்டியவர்கள்" என்று சொல்லும் ஊழியர்களில் சிலர், இன்றைய கணக்கில் வரம்புக்குள் இருப்பவர்கள். வேலை நியமனச் சட்டமும் அப்படித்தான்: மாதம் 4,500 வெள்ளிக்கு மேல் சம்பளம் வாங்கும் மேலாளர்களும் நிர்வாகிகளும் அதற்கு வெளியே இருந்தார்கள், 2019 ஏப்ரல் முதல் உள்ளே வந்தார்கள். அந்தச் சட்டத்தைச் சுட்டும் முறையே மாறியிருக்கிறது. பழைய கட்டுரைகளில் "91ஆம் அத்தியாயம்" என்று இருப்பதை, 2021 டிசம்பர் 31இல் திருத்தப் பதிப்பு நடப்புக்கு வந்த பிறகு 1968ஆம் ஆண்டு வேலை நியமனச் சட்டம் என்றே எழுத வேண்டும். ஆவணம் எந்த நாளின் நிலையைச் சொல்கிறது என்று குறிப்புரையில் ஒரு வரி எழுதாவிட்டால், படிப்பவர் நம் பிழையையும் சேர்த்துச் சுமப்பார்.

இடையில் ஒரு புலம்பல். நூல் விவரங்களை எழுதப் பலரும் பின்பற்றும் ஏபிஏ முறை குடும்பப் பெயரை முதலில் கேட்கிறது. நமக்கு அது இல்லை. தந்தை பெயருக்கு முன் 'எஸ்/ஓ' (மகன்), 'டி/ஓ' (மகள்) போட்டு எழுதும் ஆசிரியரை ஸோட்டெரோ போன்ற பட்டியல் தயாரிக்கும் மென்பொருளில் ஏற்றினால், பல சமயம் அவருடைய தந்தையே கட்டுரையை எழுதியவராகிவிடுகிறார். சொந்தப் பெயரை முதன்மையாக வைத்து நானே கையால் திருத்திவிடுகிறேன். ஸோட்டெரோ செய்து தரும் பட்டியலை ஒருமுறையாவது கண்ணால் பார்க்காமல் அனுப்பாதீர்கள்.

கட்டுரைகளைத் தேட, விக்டோரியா ஸ்திரீட்டில் உள்ள தேசிய நூலகத்தின் மின்வளங்களும் கல்லூரித் தரவுத்தளமும் போதும். செயற்கை நுண்ணறிவுச் செயலிகளைக் கேட்டால் சுருக்கம் நொடியில் வரும், அதோடு பிறக்கவே பிறக்காத கட்டுரைக்குத் தலைப்பும் ஆண்டும் சேர்ந்து வரும். ஒவ்வொரு கட்டுரைக்கும் இணையத்தில் தரப்படும் அடையாள எண்ணான டிஓஐ எண்ணைத் தட்டிப் பார்த்து, கட்டுரை கண்முன் திறந்தால் மட்டும் பட்டியலில் சேருங்கள். படித்த அன்றிரவே நான்கு வரி எழுதிவிடுவது நல்லது. பத்தையும் படித்துவிட்டு எழுதலாம் என்று விட்டால் ஆறாவதும் ஏழாவதும் ஒன்றாகக் கலந்துவிடும்.

நேற்றிரவு தம்பி தன் முதல் குறிப்புரையை அனுப்பினார். நீக்குப்போக்கான வேலை ஏற்பாட்டுக் கோரிக்கைகளுக்காக அரசாங்கம், முதலாளிகள், தொழிற்சங்கங்கள் ஆகிய முத்தரப்பும் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டியைப் பற்றியது. "இது முதலாளியைக் கோரிக்கையை முறையாகப் பரிசீலிக்கச் சொல்கிறது, ஒப்புக்கொள்ளச் சொல்லவில்லை. ஆகவே ஊழியர்களின் எத்தனை கோரிக்கைகள் ஏற்கப்பட்டன என்பதைவிட, எத்தனை மறுப்புகளுக்குக் காரணம் எழுதப்பட்டது என்பதை நான் பார்க்கப் போகிறேன்" என்று எழுதியிருந்தார். எனக்கு மிகவும் பிடித்திருந்தது. எந்த நாளிலிருந்து நடப்புக்கு வந்தது என்பதை மட்டும் விட்டிருந்தார். "2024 டிசம்பர் 1, சேர்த்துவிடுங்கள் தம்பி" என்று பதில் போட்டேன்.