யாரும் காத்திருக்காத ஒரு நாவலை எழுதி முடித்த அனுபவம்

என் நாவலை நானே திருத்தி, நானே புத்தகமாக்கி வெளியிட்ட பிறகு எழுதும் நண்பர்கள் அதிகம் கேட்டது ஒன்றைத்தான்: "எப்படி முடிச்சீங்க?" நியாயமான கேள்வி. பதிப்பகத்துக்காக எழுதுகிறவருக்குக் கெடு வைக்க ஒருவர் இருப்பார். "இந்த அத்தியாயம் இழுக்குது" என்று சொல்ல ஒருவர் இருப்பார். "போதும், குடுங்க" என்று பிரதியைக் கையிலிருந்து வாங்கிக்கொள்ளவும் ஒருவர் இருப்பார். தனியாக எழுதுகிறவருக்கு இந்த மூவரும் இல்லை. அவர்கள் இடத்தை மன உறுதியால் மட்டும் நிரப்பிவிடலாம் என்பதில் எனக்கு நம்பிக்கை கிடையாது. ஒவ்வொருவருக்கும் பதிலாக ஓர் ஏற்பாடு வேண்டும். நான் செய்துகொண்ட ஏற்பாடுகளைச் சொல்கிறேன்.

கெடுவுக்கு இரண்டு ஏற்பாடுகள். முதலாவது, நாளுக்கு 300 சொல், வாரத்தில் ஐந்து நாள். வாரத்துக்கு 1,500 சொல் வரும். ஆண்டில் 40 வாரம் எழுதினாலே 60,000 சொல் சேர்ந்துவிடும். தமிழ் நாவலுக்கு இது தாராளம். ஆங்கில எழுத்தாளர்கள் சொல்லும் 80,000, 90,000 கணக்கைப் பார்த்து மிரள வேண்டாம். உருபுகளும் விகுதிகளும் சொல்லோடு ஒட்டி வரும் நம் மொழியில் அதே கதை குறைந்த சொற்களில் முடிந்துவிடும். இரண்டாவது ஏற்பாடு ஒரு நண்பர். மாதக் கடைசி ஞாயிறன்று, அதுவரை எழுதியதை அவருக்கு அனுப்பிவிடுவேன். "படிக்க வேண்டாம், வந்து சேர்ந்துதுன்னு மட்டும் பதில் போடு" என்பதுதான் ஒப்பந்தம். படிப்பார் என்று தெரிந்தால் மெருகேற்ற உட்கார்ந்துவிடுவேன், கதை நகராது. படிக்கமாட்டார், ஆனால் வரவில்லையென்றால் கேட்பார். எனக்கு அந்த அளவு நெருக்கடி போதுமானதாக இருந்தது.

முதல் வரைவில் பின்னால் திரும்பித் திருத்துவதில்லை என்று வைத்துக்கொண்டேன். ஒரு தகவலைத் தேட வேண்டியிருந்தாலோ, ஒரு பாத்திரத்தின் வயது மறந்துவிட்டாலோ அந்த இடத்தில் மூன்று நட்சத்திரக் குறி போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவேன். பிறகு அந்தக் குறியைத் தேடினால் எல்லாப் பாக்கியும் ஒரே நேரத்தில் கிடைத்துவிடும். நாளின் எழுத்தை முடிக்கும்போது, மறுநாள் காட்சியில் முதலில் யார் என்ன செய்யப்போகிறார் என்று ஒரு வரி எழுதிவைப்பேன். வெற்றுப் பக்கத்தின் முன் உட்காரும் அவஸ்தை இதனால் பாதியாகக் குறைந்தது.

வரைவு முடிந்ததும் ஒன்றிரண்டு மாதம் அதைத் தொடாமல் வைத்திருப்பது மிக அவசியம். வாக்கியங்கள் மனப்பாடமாக இருக்கும்வரை கண் பக்கத்தைப் படிப்பதில்லை, நினைவைத்தான் படிக்கிறது.

திருத்தத்தில்தான் நாவல் உருவானது என்று தயங்காமல் சொல்வேன். மொழியைத் தொடும் முன் காட்சிகளின் பட்டியல் ஒன்று போட்டேன். ஒவ்வொரு காட்சிக்கும் ஒரு வரி: யாருக்கு என்ன வேண்டும், முடியும்போது என்ன மாறியிருக்கிறது. இரண்டாவது பகுதிக்குப் பதில் எழுத முடியாத காட்சிகள் நிறைய வந்தன. அவற்றில் அழகான வர்ணனைகள் இருந்தன, நல்ல உரையாடல்கள் இருந்தன, ஆனால் எதுவும் மாறவில்லை. சிலவற்றைப் பக்கத்துக் காட்சியோடு சேர்த்தேன், மற்றவற்றை எடுத்துவிட்டேன். எடுத்ததை அழிக்காமல் தனிக் கோப்பில் போட்டுவைத்தது வெட்டும் துணிச்சலைக் கொடுத்தது.

ஒரு காட்சியை மட்டும் கிட்டே வைத்துக் காட்டுகிறேன். பல ஆண்டுகள் கழித்துத் தம்பி வீட்டுக்கு வருகிறான். வரைவில் இப்படி இருந்தது:

"வா தம்பி. அப்பா போய் இத்தனை வருஷம் கழிச்சு இப்பத்தான் இந்த வீட்டு ஞாபகம் வந்துச்சா? ஒருத்தியா இருந்து நான் அவரை எப்படிப் பாத்துக்கிட்டேன்னு உனக்குத் தெரியுமா?" என்று அக்கா கோபத்துடன் கேட்டாள்.

இதில் இருக்கும் செய்தி எல்லாம் இருவருக்கும் முன்பே தெரிந்தது. அக்கா தம்பியிடம் பேசவில்லை, வாசகருக்குத் தகவல் சொல்கிறாள். பேச்சில் கோபம் இல்லாததால் "கோபத்துடன்" என்று ஒரு சொல் வந்து அதைச் சுமக்கிறது. பட்டியலில் இருந்த கேள்வியையே இங்கும் கேட்டேன். தம்பிக்கு என்ன வேண்டும்? உரிமையோடு உள்ளே நுழைய வேண்டும். அக்காவுக்கு? அவன் வாசலில் நிற்க வேண்டும். திருத்திய பின்:

தன்னிடமிருந்த சாவியை நுழைத்தான். பாதியில் நின்றது.
"பூட்டு மாத்தியாச்சு." உள்ளேயிருந்து அக்காவின் குரல்.
"எப்ப?"
"அப்பாவைத் தூக்கிட்டுப் போன மறுநாள்."
கதவு திறக்கவில்லை.

அப்பாவைப் பார்த்துக்கொண்ட கதை இரண்டு அத்தியாயம் தள்ளி, தம்பி அதைத் தெரிந்துகொண்டே ஆகவேண்டிய இடத்தில் வந்து உட்கார்ந்தது. அங்கே வாசகரும் அதைக் கேட்கக் காத்திருப்பார்.

உரையாடலைச் சரிபார்க்க வாய்விட்டுப் படிப்பதைவிட நல்ல வழியை நான் காணவில்லை. தொண்டை வறண்டால் போனில் உள்ள உரக்கப் படிக்கும் வசதியைப் பயன்படுத்துங்கள். அந்தக் குரலுக்கு உணர்ச்சி கிடையாது, அதனால் நாம் மனத்துக்குள் சேர்த்துப் படிக்கும் ஏற்ற இறக்கம் எதுவும் வராது. வரியில் இருப்பது மட்டும் காதில் விழும். கதைசொல்லி எழுத்து நடையிலும் பாத்திரங்கள் பேச்சு வழக்கிலும் போகும் நாவலில் இன்னொரு வேலையும் உண்டு. ஒரே பாத்திரம் ஒரு பக்கத்தில் "வந்துட்டேன்" என்றும் அடுத்ததில் "வந்திட்டேன்" என்றும் பேசக்கூடாது. பெயர்கள், வயது, உறவு, பேச்சு வழக்கில் சொற்களை எழுதும் விதம் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி மேசையில் வைத்திருந்தேன்.

அடுத்த ஏற்பாடு முதல் வாசகர்கள். நான்கைந்து பேர் போதும். எழுத்தாளர்களாகவே இருக்க வேண்டியதில்லை, நாவல் படிக்கும் பழக்கம் இருந்தால் சரி. "எப்படி இருக்கு?" என்று கேட்டால் "நல்லாருக்கு" என்பார்கள், அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. நான் கேட்டவை வேறு: எந்தப் பக்கத்தில் கீழே வைத்தீர்கள்? எந்த இரண்டு பெயர்கள் குழம்பின? பாதியில் நிறுத்தி, அடுத்து என்ன நடக்கும் என்று நினைத்தீர்கள்? பதில் சொல்லும்போது விளக்கம் கொடுக்காமல் எழுதிக்கொள்ளுங்கள். நாம் பக்கத்தில் இருந்து விளக்கினால்தான் புரியும் என்றால் அந்த இடம் இன்னும் எழுதப்படவில்லை. இருவர் ஒரே இடத்தில் தடுக்கினால் அங்கே கோளாறு உண்டு. ஆனால் காரணம் பெரும்பாலும் சில பக்கங்கள் முன்னால் இருக்கும். அதை அவர்கள் சொல்லமாட்டார்கள், நாம்தான் தேட வேண்டும்.

பணம் செலவழிப்பதானால் அதை மொழித் திருத்தத்துக்கும் மெய்ப்புக்கும், அதாவது பக்கம் போட்ட பிரதியில் எஞ்சிய பிழைகளைப் பார்ப்பதற்கும், செலவழிப்பேன். இரண்டும் வேறு வேலைகள். மொழித் திருத்தம் பக்க வடிவமைப்புக்கு முன்பு, மெய்ப்பு அதற்குப் பிறகு. ஒற்றுப் பிழையும் ர, ற குழப்பமும் சொந்தக் கண்ணுக்குப் படவே படாது.

வடிவமைப்பில் ஒரே எச்சரிக்கை, எழுத்துரு. எந்தக் கருவியிலும் எழுத்து மாறாமல் தெரிய வைக்கும் பொதுக் குறியீட்டு முறையான யூனிகோடில் முதல் நாளிலிருந்தே தட்டச்சு செய்யுங்கள். பேஜ்மேக்கர் போன்ற பழைய மென்பொருளில் பழைய எழுத்துருவை வைத்துப் பக்கம் போட்டால் அச்சு நன்றாக வரும், அதையே மின்னூலாக்கும்போது எல்லாம் புரியாத குறிகளாகிவிடும். இன்டிசைன் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் செய்பவர், இந்திய மொழி எழுத்துகளைச் சரியாகக் கோக்கும் வேர்ல்ட் ரெடி கம்போசர் என்ற அமைப்பைத் தேர்ந்தெடுத்திருக்கிறாரா என்று கேளுங்கள். இல்லையென்றால் ஒற்றைக் கொம்பும் இரட்டைக் கொம்பும் இடம் மாறி நிற்கும்.

உரிமை பற்றிச் சுருக்கமாக. படைப்பாளர் உரிமைக்காக 1886இல் உருவான பெர்ன் என்ற சர்வதேச உடன்படிக்கையில் சேர்ந்துள்ள நாடுகளில், எழுதி முடித்த கணமே காப்புரிமை எழுதியவருக்கு வந்துவிடும், பதிவு கட்டாயமில்லை. அதைக் கைவிடுவது நாம் போடும் கையெழுத்தில்தான் நடக்கும், எனவே எந்த ஒப்பந்தத்தையும் முழுக்கப் படியுங்கள். நாமே நூல் வெளியிட அமேசான் நடத்தும் கேடிபி தளத்தின் 'செலக்ட்' திட்டத்தில் சேர்ந்தால் 90 நாட்களுக்கு அந்த மின்னூலை வேறெங்கும் கொடுக்க முடியாது. சிலருக்கு அது லாபம், ஆனால் தெரிந்து சேர வேண்டும். அச்சுப் பதிப்புக்கும் மின்னூலுக்கும் ஐஎஸ்பிஎன் என்ற நூல் அடையாள எண் தனித்தனி, ஒவ்வொன்றும் 13 இலக்கம்.

"நல்ல நாவல்னா ஒரு பதிப்பகம் எடுத்திருக்குமே?" என்று நேசிப்பவர்களே கேட்பார்கள். வலிக்கும். பதிப்பகங்கள் மறுத்த தன் முயல் கதையை ஆங்கிலக் குழந்தை எழுத்தாளர் பீட்ரிக்ஸ் பாட்டர் 1901இல் சொந்தச் செலவில் 250 பிரதி அச்சிட்டார் என்பதை அப்போது நினைத்துக்கொள்வேன். மறுத்தவற்றில் ஒரு பதிப்பகமே அடுத்த ஆண்டு அதை வெளியிட்டது. எல்லோருக்கும் அப்படி நடக்கும் என்று சொல்லவில்லை. பதிப்பகத்தின் மறுப்பு அந்தப் பருவத்தில் அவர்கள் எடுத்த வணிக முடிவு. பிரதியின் தரத்தை நாம் வேறு வழிகளில் சோதித்துத்தான் ஆக வேண்டும், அதற்குத்தான் இத்தனை ஏற்பாடுகளும்.

"போதும்" என்று சொல்ல ஆள் இல்லாத சிக்கலுக்கு நான் வைத்துக்கொண்ட அடையாளம் இது: ஒரு சுற்றுத் திருத்தத்தில் எடுத்த காற்புள்ளியை அடுத்த சுற்றில் திரும்பப் போட்டால் வேலை முடிந்தது. அன்றே, சரிபார்க்க ஒரே ஒரு மாதிரிப் பிரதி அச்சிடக் கோப்பை அனுப்பினேன். அச்சில் வந்த பக்கம் திரையில் தெரியாத பிழைகளைக் காட்டும், ஆகவே மாதிரிப் பிரதியைக் கையில் பேனாவோடு ஒருமுறை முழுக்கப் படித்துவிடுங்கள்.

வெளியான பின்பும் வாசகர்கள் பிழை கண்டுபிடிப்பார்கள். வாங்குபவர் கேட்கும்போது மட்டும் பிரதி போடும், தேவைக்கேற்ப அச்சிடும் முறையில் கோப்பை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம் என்பது நமக்குப் பெரிய வசதி. வரும் கடிதங்களிலிருந்து பக்கம், வரி, திருத்தம் மூன்றையும் ஓர் அட்டவணையில் சேர்த்துவைத்து, சில மாதங்களுக்கு ஒருமுறை மொத்தமாக மாற்றுகிறேன். அப்போது பதிப்புப் பக்கத்தில் திருத்திய மாதத்தையும் ஆண்டையும் போட்டுவிடுவேன். யார் கையில் எந்தப் பிரதி இருக்கிறது என்பதில் குழப்பம் வராது.