மொரிஸ் மைனரின் முன்கண்ணாடியும் புறக்கோட்டை மணிக்கூடும்

கொழும்பில் வாழ்ந்த தமிழ்க் குடும்பங்களின் பழைய புகைப்படங்களில் பெரும்பகுதி இன்று கொழும்பில் இல்லை. 1983 ஜூலையில் வெள்ளவத்தையிலும் தெஹிவளையிலும் பம்பலப்பிட்டியிலும் வீடுகள் எரிக்கப்பட்டபோது, அலுமாரிகளோடு அல்பங்களும் எரிந்துபோயின. தப்பியவை, அதற்கு முன்னரே கடித உறைகளுக்குள் வைத்து யாழ்ப்பாணத்துக்கும் மட்டக்களப்புக்கும் இலண்டனுக்கும் உறவினர்களுக்கு அனுப்பப்பட்ட பிரதிகளே. அவற்றைப் பத்திரமாக வைத்திருந்தவர்கள் படம் எடுக்கப்பட்ட இடத்தில் நின்றவர்கள் அல்லர். அவர்களுடைய பிள்ளைகளில் பலர் கொழும்பைக் கண்டதேயில்லை. ஆகவே, அந்தப் படங்கள் இப்போது கைத்தொலைபேசி வழியாக எங்களிடம் திரும்பி வரும்போது, ஊரும் ஆண்டும் ஆட்களும் மாறிய குறிப்புகளோடு வருகின்றன. அவற்றுக்குரிய இடத்தையும் காலத்தையும் மீட்டுக்கொடுப்பதை, உறவுக்காரர்களுக்கு நான் செய்யவேண்டிய ஒரு கடமையாகவே கருதுகிறேன்.

பெரும்பாலானோர் முதலில் பார்ப்பது காரைத்தான். அதில் பிழையில்லை. அந்தக் காலத்தில் கார் வாங்கிய வீட்டில் அதன் அருகில் நின்று ஒரு படமாவது எடுத்திருப்பார்கள். ஆனால் கார் செய்யப்பட்ட ஆண்டைப் படத்தின் ஆண்டாக எழுதிவிடும் பழக்கத்தை மட்டும் என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. அந்நியச் செலாவணி நெருக்கடி காரணமாக 1960களின் தொடக்கத்திலிருந்து கார் இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டது. 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்படும்வரை, இருந்த ஒஸ்டினையும் ஹில்மனையும் பெஜோ 203ஐயும் திருத்தித் திருத்தியே ஓடினார்கள். தகப்பன் வாங்கிய காரில் மகன் மாப்பிள்ளையாக ஊர்வலம் போனதும் உண்டு. எனவே ஒரு கார், படம் எந்த ஆண்டுக்கு முன்னர் எடுக்கப்பட்டிருக்க முடியாது என்பதை மட்டுமே உறுதியாகச் சொல்லும். எந்த ஆண்டில் எடுக்கப்பட்டது என்பதை வேறு சாட்சிகளிடமே கேட்கவேண்டும்.

அந்த முதல் எல்லையைச் சரியாகப் பிடிப்பதற்குக் காரின் பெயரைவிட அதன் உறுப்புகளே உதவுகின்றன. கொழும்புப் படங்களில் அதிகம் காணப்படும் மொரிஸ் மைனர் 1948இல் வெளிவந்தபோது அதன் முன்விளக்குகள் கீழே, காற்றுப் புகும் கம்பி வலையின் இரு பக்கத்திலும் இருந்தன. 1950களின் தொடக்கத்தில் அவை மட்காட்டின் மேற்புறத்துக்கு உயர்ந்தன. 1956 வரை அதன் முன்கண்ணாடி நடுவில் ஒரு சட்டம் வைத்த இரண்டு தட்டைத் துண்டுகள். அவ்வாண்டின் பிற்பகுதியில் மொரிஸ் மைனர் 1000 வந்தபோதுதான் வளைந்த ஒரே கண்ணாடி பொருத்தப்பட்டது. வொக்ஸ்வாகன் காருக்குப் பின்கண்ணாடியைப் பார்க்கவேண்டும்: 1953இன் தொடக்கம்வரை இரண்டாகப் பிரிந்த கண்ணாடி, பிறகு முட்டை வடிவம், 1957இல் அதைவிட அகன்ற நீள்சதுர வடிவம். மங்கிய படத்தில்கூட இந்த வேறுபாடுகள் தெரியும்.

காரின் உடலைவிட அதன் இலக்கத் தகடு இன்னும் தெளிவாகப் பேசும். 1957க்கு முன்னர் பதிவான வாகனங்களில், சிலோன் என்ற பெயரின் ஆங்கில எழுத்துகளிலிருந்து எடுத்த சீ.எல்., சீ.என்., ஈ.எல்., ஈ.என். போன்ற இரட்டை எழுத்துகளைக் காணலாம். 1957 தொடக்கம் புதிதாகப் பதிவான வாகனங்களுக்கு அவற்றின் இடத்தில் சிங்கள எழுத்தில் 'ஸ்ரீ' வந்தது. தமிழரசுக் கட்சி அதை எதிர்த்து, தமிழ் எழுத்தில் 'ஸ்ரீ' பொறித்த தகடுகளோடு வாகனங்களை ஓட்டும் போராட்டத்தை வடக்கு கிழக்கில் நடத்தியது. 1958இன் தொடக்கத்தில், தேசியமயமாக்கப்பட்ட இலங்கைப் போக்குவரத்துச் சபையின் பஸ்கள் சிங்கள ஸ்ரீயுடன் வடக்குக்கு அனுப்பப்பட்டபோது அங்கே அந்த எழுத்தின்மீது தார் பூசப்பட்டது. அதற்குப் பதிலாகக் கொழும்பில் தமிழ்ப் பெயர்ப்பலகைகள்மீது தார் பூசப்பட்டது. அதே ஆண்டின் மே மாதத்தில் இனக்கலவரம் மூண்டது. ஒரு படத்தின் மூலையில் உள்ளங்கை அளவுகூட இல்லாமல் தெரியும் ஓர் எழுத்துக்குப் பின்னால் இவ்வளவும் கிடக்கின்றன. பழைய கார்களை விரும்பிச் சேகரிப்பவர்கள் அந்தத் தகடுகளின் முதல் வரிசையை '1 ஸ்ரீ' என்று பெருமையோடு சொல்லும்போது, அந்த எழுத்தை எங்கள் பெரியவர்கள் எந்த மனநிலையில் தங்கள் காரில் பொருத்திக்கொண்டார்கள் என்ற நினைவு எனக்கு எப்போதும் வருகிறது.

இவையெல்லாம் தொடக்க எல்லையைத் தருபவை. முடிவு எல்லையைத் தருவது பின்னணியில் தெரியும் நகரம். ட்ராம் வண்டி தெரிந்தால் படம் 1960க்குப் பிற்பட்டதாக இருக்க முடியாது. 1899இல் தொடங்கிக் கோட்டையிலிருந்து கிராண்ட்பாஸுக்கும் பொரளைக்கும் ஓடிய ட்ராம் சேவை அந்த ஆண்டோடு நின்றுவிட்டது. தெருவில் தண்டவாளம் மட்டும் தெரிந்தால் அது போதிய சான்று ஆகாது, ஏனெனில் வண்டி நின்ற பின்னரும் தண்டவாளம் கிடந்திருக்கலாம். மேலே செல்லும் மின்கம்பிகளையும் எண்ணிப் பார்க்கவேண்டும்: ட்ராமுக்கு ஒரு பாதைக்கு ஒரு கம்பி போதும், 1953இல் வந்து சுமார் பத்து ஆண்டுகள் ஓடிய ட்ரொலி பஸ்ஸுக்கு இரண்டு கம்பிகள் வேண்டும். காலிமுகத்திடலில் எடுத்த படமென்றால் தொடக்க எல்லையைத் தரும் வேறு அடையாளங்களும் உண்டு. வரிசைத் தூண்களோடு நிற்கும் பழைய பாராளுமன்றம் 1930இல் திறக்கப்பட்டது. அதற்குப் பின்னால் இலங்கை வங்கியின் உருண்டைக் கோபுரம் எழுந்து முடிந்திருந்தால் படம் 1980களின் பிற்பகுதியிலோ அதற்குப் பின்னரோ எடுக்கப்பட்டது. கறுவாத்தோட்டத்தில் எடுத்த படமென்றால், வெள்ளைக் குவிமாடத்தோடு கூடிய நகர மண்டபம் 1928இல் திறக்கப்பட்டது என்பதை நினைவில் வைத்தால் போதும்.

மணிக்கூட்டுக் கோபுரங்கள்தான் அதிகமான குழப்பத்தைத் தருகின்றன. 'மணிக்கூட்டுக்குக் கிட்ட' என்று படத்தின் பின்புறத்தில் எழுதியிருந்தால், யாழ்ப்பாணத்தவர் உடனே தங்கள் மணிக்கூட்டைத்தான் நினைப்பார்கள். அது வேல்ஸ் இளவரசர் 1875இல் இலங்கைக்கு வந்ததன் நினைவாக எழுப்பப்பட்டது. கொழும்பிலோ குறைந்தது இரண்டைக் கருத்தில் கொள்ளவேண்டும். கோட்டையில் உள்ளது 1857இல் மணிக்கூடாகக் கட்டப்பட்டு, 1867இல் உச்சியில் விளக்குக் கூண்டு வைக்கப்பட்டு வெளிச்சவீடாகவும் ஆன கோபுரம். சுற்றிலும் உயர்ந்த கட்டடங்கள் கடலிலிருந்து வரும் பார்வையை மறைத்ததால் 1952இல் அதன் விளக்கு அணைக்கப்பட்டது, ஆனால் கூண்டு இன்றும் மேலே இருக்கிறது. புறக்கோட்டையின் வாயிலில் நிற்கும் மற்றையது பார்சி இனத்தைச் சேர்ந்த கான் குடும்பத்தார் தங்கள் தந்தையின் நினைவாக 1923இல் எழுப்பியது. அதில் விளக்குக் கூண்டு கிடையாது. மேலே கண்ணாடிக் கூண்டு இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்தாலே கோட்டையா புறக்கோட்டையா என்பது முடிவாகிவிடும்.

இந்த வேறுபாடுகள் வெறும் பொழுதுபோக்கு அல்ல என்பதற்கு எங்கள் குடும்பத்திலேயே ஒரு படம் இருக்கிறது. இலண்டனில் இருக்கும் சின்னம்மா வீட்டாரிடமிருந்து வந்த அந்தப் படத்தில் மாமா தன் மொரிஸ் மைனரில் சாய்ந்து நிற்கிறார்; பக்கத்தில் மாமி ஒரு கைக்குழந்தையை ஏந்தியிருக்கிறார். '1951, யாழ்ப்பாணம், மூத்த மகனுடன்' என்று சின்னம்மாவின் பிள்ளைகள் பிற்காலத்தில் எழுதி வைத்திருந்தார்கள். மூத்தவர் பிறந்த ஆண்டும் மொரிஸ் மைனர் காரும் பொருந்தியதால் எவரும் அதைக் கேள்வி கேட்கவில்லை. ஆனால் காரின் முன்கண்ணாடி நடுச்சட்டம் இல்லாத ஒரே வளைந்த கண்ணாடி. இலக்கத் தகட்டின் பாதியை மாமாவின் காற்சட்டை மறைத்திருந்தாலும், ஒன்று என்ற இலக்கமும் அடுத்துள்ள ஸ்ரீயின் மேற்சுழியும் தெளிவாகத் தெரிந்தன. பின்னால் உயர்ந்து நிற்கும் மணிக்கூட்டில் விளக்குக் கூண்டு இல்லை. அதன் அடியில் ஒரு ட்ராம் வண்டியின் பின்புறம் தெரிந்தது, யாழ்ப்பாணத்தில் ட்ராம் ஒருபோதும் ஓடியதில்லை. ஆகவே இடம் புறக்கோட்டை, காலம் 1957க்கும் 1960க்கும் இடைப்பட்டது. அப்போது மூத்தவருக்கு ஆறு வயதாவது ஆகியிருக்கவேண்டும். மாமியின் கையில் இருப்பது 1958இல் பிறந்த இளைய மகள்.

அந்த மச்சாள் இப்போது ரொறொன்ரோவில் இருக்கிறார். அவர்களுடைய வெள்ளவத்தை வீடு 1983இல் எரிந்தது. படத்தை அனுப்பிவிட்டுத் தொலைபேசியில் விளக்கியபோது நெடுநேரம் அவர் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "தம்பி, எனக்குக் குழந்தையில எடுத்த படம் ஒண்டுமே மிஞ்சேல்லை எண்டுதான் இவ்வளவு காலமும் இருந்தனான்," என்றார். அம்மா உடுத்திருந்த சேலையின் கரை என்ன நிறம் என்று கேட்டார். கறுப்பு வெள்ளைப் படத்தில் அதைச் சொல்ல வழியில்லை. அவருடைய அண்ணனிடம் கேட்டோம், கடும் பச்சை என்று அவர் உடனே சொன்னார்.

படங்களை அனுப்புகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள் இருக்கிறது. முன்பக்கத்தை மட்டும் படமெடுத்து அனுப்பாதீர்கள். பின்பக்கத்தில் ஸ்டூடியோவின் முத்திரையும், உறவினருக்கு எழுதிய இரண்டு வரியும், சில வேளைகளில் திகதியும் இருக்கும். ஓரங்களை வெட்டிவிடாதீர்கள், இலக்கத் தகடும் கடைப் பெயர்ப்பலகையும் பெரும்பாலும் ஓரத்தில்தான் கிடக்கின்றன. காருக்குள் இருப்பவரின் இடது பக்கத்தில் ஸ்டியரிங் தெரிந்தால் நெகட்டிவ் திருப்பிப் பிரதியெடுக்கப்பட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள், ஏனெனில் இங்கே ஸ்டியரிங் வலப்பக்கத்தில்தான் இருக்கும். திருப்பிய படத்தை வைத்து எந்தத் தெரு என்று தேடினால் கிடைக்காது. புதிதாகக் குறிப்பு எழுதுவதாயின் பால்பொயின்ட் பேனையால் அழுத்தாமல், மென்மையான பென்சிலால் பின்புறத்தின் ஓரத்தில் எழுதுங்கள்; முன்னர் யாரோ எழுதியது பிழையென்று தெரிந்தாலும் அதை அழிக்காமல், அதன் கீழே உங்கள் குறிப்பையும் அதற்கான காரணத்தையும் சேர்த்து எழுதுங்கள். செட்டியார் தெரு, கொட்டாஞ்சேனை, கொச்சிக்கடை பொன்னம்பலவாணேசர் கோயில் வீதி ஆகிய இடங்களில் 1983க்கு முன்னர் எடுத்த படங்கள் உங்களிடம் இருந்தால், அவற்றில் கார் இருந்தாலும் இல்லாவிட்டாலும், இரண்டு பக்கத்தையும் அனுப்பிவையுங்கள்.